லாடம் கடைசியில்தான்

"டாக்டர் லாமினைட்டிஸ்னு சொல்லிட்டாருங்க, என்ன லாடம் அடிக்கணும்?" குதிரை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் என்னிடம் வருகிறார்கள். ஒருவர் யூடியூபில் இதய வடிவ லாடத்தைப் பார்த்திருப்பார். இன்னொருவரிடம் யாரோ, லாடத்தைப் பின்முன்னாகத் திருப்பி அடித்தால் போதும் என்று சொல்லியிருப்பார்கள். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் வைத்தியத்தை லாடத்தில் தொடங்கினால் விளங்காது. முதலில் தீவனம், அடுத்து எக்ஸ்ரே, அதற்கப்புறம் அரம். லாடம் கடைசியில்தான். சில குதிரைகளுக்கு லாடமே வேண்டியிருக்காது.

நான் கால்நடை மருத்துவர் இல்லை, லாடம் அடிப்பவனும் இல்லை. ஒரு குதிரையேற்றப் பள்ளியின் லாயத்தில் ரொம்ப காலமாகக் கால் பிடித்துக்கொண்டிருப்பவன். டாக்டர் ஒரு பக்கமும் லாடக்காரர் ஒரு பக்கமும் நின்று வாதாடும்போது, நடுவில் காலைத் தொடையில் தாங்கிக்கொண்டிருப்பவன் காதில் நிறைய சங்கதி விழும். அந்தத் தெம்பில்தான் எழுதுகிறேன். மருந்து மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே சட்டம்.

குளம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் மற்றது எதுவும் புரியாது. குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலில் நிற்கிறது. அந்த விரலின் கடைசி எலும்புதான் குளம்பெலும்பு. அது குளம்பின் அடித்தட்டில் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தொங்குகிறது. குளம்புச் சுவரின் உள்பக்கத்தில் மேலிருந்து கீழாக 550 முதல் 600 வரை மெல்லிய மடிப்புகள் உண்டு. ஒவ்வொரு மடிப்பிலும் நூற்றுக்கு மேற்பட்ட குட்டி மடிப்புகள். எலும்பைப் போர்த்திய திசுவிலும் இதற்கு எதிர்மடிப்புகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து, நகமும் சதையுமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 450, 500 கிலோ உடம்பை இந்தப் பிடிமானம்தான் தாங்குகிறது, அதுவும் ஓடும்போது, தாண்டும்போது.

லாமினைட்டிஸில் இந்தப் பிடி தளர்கிறது. மேலிருந்து உடம்பின் பாரம் எலும்பை அழுத்துகிறது. பின்னாலிருந்து ஒரு தடித்த தசைநாண் இழுக்கிறது. காலின் பின்பக்கமாக இறங்கி வந்து குளம்பெலும்பின் அடியில் ஒட்டும் நாண் அது. முனையை எப்போதும் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்துக்கொண்டே இருக்கும். பிடி நன்றாக இருக்கும்வரை இந்த இழுவையால் ஒன்றும் ஆகாது. பிடி விட்டதும் எலும்பின் முனை கீழே சாய்ந்து அடித்தட்டை நோக்கிப் போகிறது. முற்றினால் அடித்தட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். சில குதிரைகளில் எலும்பு சாயாமல் முழுதாகக் கீழே இறங்கிவிடும். குளம்பும் ரோமமும் சேரும் விளிம்பில் விரலை வைத்தால் பள்ளம் தட்டுப்படும். அது இன்னும் மோசம்.

பிடி ஏன் விடுகிறது என்பதற்குப் பழைய பதில், தானியம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்தில் செனோஃபன், குதிரைகளுக்கு பார்லி மிஞ்சினால் வரும் நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். அரிஸ்டாட்டிலும் அதைச் சொல்கிறார். இங்கே பார்லிக்குப் பதில் கொள்ளு. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்று குதிரையைக் கேலி செய்கிறோம். திறந்த வாயில் அளவில்லாமல் கொட்டுவது யார்? ராத்திரியில் தீவன அறைக் கதவு திறந்து கிடந்து, குதிரை மூட்டையில் தலையை விட்டுவிட்டது என்று வையுங்கள். சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அங்கே அமிலம் ஏறி, நுண்ணுயிரிகள் செத்து, அவற்றின் நச்சு ரத்தத்தில் கலக்கும். ஓரிரு நாளில் கால் பிடித்துக்கொள்ளும். குட்டி ஈன்ற குதிரைக்கு நஞ்சுக்கொடி விழாமல் இருந்தாலும் இதே கதை. மாட்டுக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டுக்கு அரை நாள் பொறுத்துப் பார்ப்போம். குதிரைக்கு 3 மணி நேரம் தாண்டினாலே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

ஆனால் இன்றைக்குப் பெரும்பாலான குதிரைகளுக்கு லாமினைட்டிஸ் வருவது மூட்டையை உடைத்துத் தின்றதால் அல்ல, கொழுத்ததால். 2007-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். நோய்நொடி இல்லாத போனிகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து ரத்தத்தில் ஏற்றினார்கள். சர்க்கரை அளவு இறங்காமல் குளுக்கோஸும் கூடவே போய்க்கொண்டிருந்தது. 3 நாளுக்குள் இன்சுலின் ஏற்றிய போனிகள் எல்லாவற்றுக்கும் லாமினைட்டிஸ். அதாவது குடலில் நச்சு இல்லை, காய்ச்சல் இல்லை, இன்சுலின் மட்டுமே போதுமாக இருந்திருக்கிறது. கழுத்துக்கு மேல் திமிலாட்டம் கொழுப்பு மேடிட்டு, வால் அடியில் மெத்தென்று சதை போட்ட குதிரையைப் பார்த்து "நல்லா வளத்தியா இருக்கு" என்று தட்டிக்கொடுக்கிறோமே, அதன் ரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு என்று பார்த்தால் தெரியும். வயதான குதிரை ரோமம் உதிர்க்காமல் சடைசடையாக நின்றால் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். அந்தக் கோளாறிலும் லாமினைட்டிஸ் வரும்; அதற்கு பெர்கோலைடு என்ற மருந்து இருக்கிறது.

இந்த நோய் வரும் மூன்றாவது வழியை உலகமே பார்த்தது. 2006 மே 6-ஆம் தேதி கென்டக்கி டெர்பியை ஆறரைக் குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்த பார்பரோ, இரண்டே வாரத்தில் பால்டிமோரில் பிரீக்னெஸ் பந்தயம் தொடங்கிய சில நொடிகளில் வலது பின்னங்காலை நொறுக்கிக்கொண்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மையத்தில் டீன் ரிச்சர்ட்சன் என்ற அறுவை நிபுணர் தகடும் 27 திருகாணிகளும் வைத்து அந்தக் காலைச் சேர்த்தார். எலும்பு கூடி வந்தது. ஜூலையில் இடது பின்னங்காலில் லாமினைட்டிஸ். உடைந்த காலை ஊன்றாமல் பாரத்தையெல்லாம் நல்ல காலில் போட்டு நின்றதால் வந்தது. குளம்புச் சுவரில் சுமார் 80 சதவீதத்தை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு முன்னங்கால்கள் இரண்டிலும் வந்தது. 2007 ஜனவரி 29 அன்று அதைக் கருணைக்கொலை செய்தார்கள். உடைந்த காலைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அதன் உயிரை எடுத்தது உடையாத கால்கள்.

சரி, நம் லாயத்துக்கு வருவோம். முன்னங்கால்கள் உடம்பின் பாரத்தில் சுமார் 60 சதவீதத்தைத் தாங்குவதால் நோய் பெரும்பாலும் அங்கேதான் காட்டும். குதிரை முன்னங்கால்களை முன்னுக்கு நீட்டி, பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் இழுத்து, பின்னால் சாய்ந்து நிற்கும். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். திருப்பினால் கெஞ்சும். கணுவின் இரு பக்கமும் விரல் வைத்தால் நாடி திம் திம்மென்று அடிக்கும். சாதாரணக் காலில் அந்த நாடியைத் தேட வேண்டியிருக்கும். 1948-இல் நில்ஸ் ஓபெல் என்ற ஸ்வீடன்காரர் இந்த வலியை நான்கு படிகளாகப் பிரித்தார். முதல் படியில் கால் மாற்றி மாற்றி நிற்கும், நான்காவதில் வற்புறுத்தினால் ஒழிய நகராது. இன்றும் டாக்டர்கள் அதையே வைத்துத்தான் பேசுகிறார்கள்.

இந்த நிலையில் குதிரையை நடத்தாதீர்கள். "நடந்தா ரத்தம் ஓடும், பிடிப்பு விடும்" என்று சொல்லும் பெரியவர் ஒவ்வொரு லாயத்திலும் ஒருவர் இருப்பார். அவர் சொல்வது வயிற்று வலிக்கு ஓரளவு பொருந்தும். இதற்குப் பொருந்தவே பொருந்தாது. ஒவ்வொரு அடியிலும் ஏற்கெனவே தளர்ந்த மடிப்புகள் இன்னும் கொஞ்சம் கிழிகின்றன. தானியம் தின்று ஓரிரு நாளுக்குள், அல்லது நஞ்சுக்கொடி தங்கிய சமயத்தில் பிடித்துவிட்டால் ஐஸ் வேலை செய்யும். குளம்பிலிருந்து கணுவுக்கு மேல்வரை ஐஸும் தண்ணீருமாக, இரண்டு மூன்று நாள் விடாமல். விட்டு விட்டு அரை மணி நேரம் வைப்பதால் பயனில்லை. மீன் மார்க்கெட் ஐஸ் பாரை உடைத்துப் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க ஆள் மாற்றி உட்கார்ந்திருக்கிறோம். குதிரை பராமரிக்கும் சைஸ்மார்கள் திட்டிக்கொண்டே செய்வார்கள்.

கால் சூடாகவும் வலியாகவும் இருக்கும்போது சுத்தியல் ஓங்கி லாடம் அடிப்பது கொடுமை. அப்போது வேண்டியது அடியில் மெத்தை. லாயத்தில் மணலோ மரத்தூளோ முழங்கை ஆழத்துக்கு. குளம்புக்கு அடியில் இரண்டு அங்குல ஃபோம் அட்டையை வெட்டி டேப் சுற்றிக் கட்டலாம். டிவி பெட்டியில் வரும் லேசான தெர்மாகோல் ஒரே மணி நேரத்தில் நசுங்கிப்போகும். மாடியில் வெயில் தடுக்கப் போடுகிறார்களே, அந்தக் கெட்டி அட்டைதான் சரி. அது நசுங்கிக் குளம்பின் அச்சு விழுந்ததும், முனைப்பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு அடியில் இன்னொன்று சேர்த்துக் கட்டுவார்கள். பாரம் முனையை விட்டுக் குளம்பின் பின்பாதிக்கும், நடுவில் ஆப்பு வடிவில் ரப்பர் மாதிரி இருக்கும் ஃபிராக்குக்கும் மாறும். குதிரை அப்போதே பெருமூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் குழந்தைகள் ஏறும் சாம்பல் நிறப் பெட்டைப் போனி ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் வெல்லம் கொடுத்தே வளர்த்த செல்லம். அதற்கு வந்தபோது, மீரட்டில் ராணுவக் கால்நடைப் பிரிவில் லாடம் பயின்று ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைக் கூப்பிட்டோம். நாங்கள் பாய் என்றுதான் அழைப்போம். சாமான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். காலைத் தொடவில்லை.

"பாய், என்ன லாடம் போடலாம்?"

"படம் எடுத்தீங்களா தம்பி?"

"நாளைக்குத்தான் எடுக்கறாங்க."

"அப்ப நாளை மறுநாள் வரேன். உள்ள எலும்பு எங்க இருக்குன்னு தெரியாம அரத்த எடுக்க மாட்டேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். போக்குவரத்துக்குக் கொடுத்த காசையும் வாங்கவில்லை.

எக்ஸ்ரே எடுப்பதிலும் ஒரு நேர்த்தி வேண்டும். இரண்டு முன்னங்கால்களையும் ஒரே உயரமுள்ள மரக்கட்டைகளில் நிறுத்தி, பக்கவாட்டில், குளம்பின் அடிமட்டத்துக்கு நேராக எடுக்க வேண்டும். குளம்பின் முன்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கம்பியை ஒட்டுவார்கள், ஃபிராக்கின் நுனியில் ஒரு சின்னக் குண்டூசியைப் பதிப்பார்கள். படத்தில் இரண்டும் வெள்ளையாகத் தெரியும். இவை இல்லாத படத்தில் எலும்பு தெரியும், எங்கே வெட்டுவது என்பது தெரியாது. எங்கள் போனியின் படத்தில் கம்பிக்கும் எலும்பின் முன்முகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலே குறுகியும் கீழே விரிந்தும் இருந்தது. இணையாக ஓட வேண்டிய இரண்டு கோடுகள் பிரிந்திருந்தன. எலும்பு சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். எலும்பு முனைக்குக் கீழே அடித்தட்டு குறைந்தது 15 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். இதற்கு அதில் பாதிதான் இருந்தது.

பாய் வந்தார். படத்தைச் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மார்க்கர் பேனாவால் குளம்பின் பக்கச் சுவரில் ஒரு கோடு போட்டார். உள்ளே எலும்பின் அடி எந்தச் சாய்வில் இருக்கிறதோ, அதற்கு இணையான கோடு. லாமினைட்டிஸ் பிடித்த குளம்பில் முன்பக்கம் மெதுவாக வளரும், குதிப்பக்கம் வேகமாக வளரும். சுவரில் இருக்கும் வளையங்கள் முன்னால் நெருங்கி, குதியில் அகன்று விரிவது அதனால்தான். ஆகவே குதியைக் குறைத்து, தரையில் படும் தளத்தை எலும்புக்கு இணையாக்க வேண்டும். போனியால் ஒற்றை முன்னங்காலில் நிற்க முடியவில்லை. நின்ற காலுக்கு அடியில் ஃபோம் வைத்து, தூக்கிய காலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் எடுக்காமல், பாய் மண்டி போட்டுத்தான் வேலை செய்தார். நாலு இழுப்பு அரம் போடுவார், காலை இறக்குவார், காத்திருப்பார். அடித்தட்டில் கத்தி படவே இல்லை. சுத்தமாக இருக்கட்டும் என்று அடித்தட்டைச் சீவும் லாடக்காரரை அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள்; எலும்புக்கும் தரைக்கும் நடுவில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

அப்புறம் முனை. சுவரும் அடித்தட்டும் சேரும் வெள்ளைக் கோடு நல்ல குளம்பில் சில மில்லிமீட்டர் அகலம்தான். இதில் என் சுண்டுவிரல் அகலத்துக்கு இழுபட்டு, மெழுகு நிறத்தில், நடுவே உறைந்த ரத்தத்தின் கறுஞ்சிவப்புக் கீற்றுகளோடு கிடந்தது. முன்னால் நீண்டு நின்ற சுவரைப் பாய் முன்பக்கத்திலிருந்தே அரத்தால் தேய்த்துப் பின்னுக்குக் கொண்டுவந்தார். நீண்ட முனை நெம்புகோல். ஒவ்வொரு அடியிலும் காலைத் தூக்கும்போது அது தளர்ந்த சுவரை எலும்பிலிருந்து பிரித்துக்கொண்டே இருக்கிறது. முனை பின்னுக்கு வந்ததும் கால் சீக்கிரமே புரண்டு எழும். இந்த வெட்டுத்தான் வைத்தியத்தில் பாதி. இதைச் செய்யாமல் மேலே எவ்வளவு விலையுள்ள லாடம் போட்டாலும், நெம்புகோலுக்கு இரும்புப் பூண் கட்டின கதைதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குதியைக் குறைத்தால் பின்னாலிருக்கும் தசைநாணின் இழுவை கூடும். எலும்பு இன்னும் சாய அதுவே காரணமாகலாம். அதனால் குதியைக் குறைத்த கையோடு, லாடத்துக்கோ அட்டைக்கோ பின்பக்கத்தில் ஆப்பு கொடுத்து உயர்த்துவார்கள். வெட்டியதை ஏன் திரும்ப உயர்த்த வேண்டும் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. வெட்டியது எலும்புக்குச் சரியான தளம் கிடைக்க, உயர்த்துவது நாணைத் தளர்த்த. ரொம்ப முற்றிய குதிரைகளுக்கு அந்த நாணையே அறுத்துவிடும் அறுவையும் உண்டு.

இனி லாடம். இதய லாடத்தை 1980-களில் பரவலாக்கியவர் டெக்சாஸ்காரரான பர்னி சாப்மன் என்ற லாடக்காரர். நடுவில் வரும் நாக்கு ஃபிராக்கை அடியிலிருந்து தாங்கும். சரியாகப் பொருந்தினால் அருமையாக வேலை செய்யும். அந்த நாக்கு ஃபிராக்கின் நுனியைத் தாண்டி முன்னால் போனாலோ, அளவுக்கு மேல் அழுத்தினாலோ குதிரைக்குச் சித்திரவதை. கை தேர்ந்தவர் இல்லாத ஊரில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். லாடத்தைத் திருப்பி அடிப்பதன் தத்துவம் வேறு: முனை திறந்துவிடும், கால் பின்னாலிருந்தே புரளும், குதிக்குத் தாங்கல் கிடைக்கும். சாதாரண லாடமே போதும், ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. ஆனால் ஆணி அடித்தே ஆக வேண்டும்.

எனக்குப் பிடித்தது மரக்கட்டைச் செருப்பு. ஓக்லஹோமாவில் மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற கால்நடை மருத்துவர் பிரபலமாக்கியது. ஒட்டுப்பலகையைக் குளம்பு வடிவில் வெட்டி, தரையில் படும் விளிம்பைச் சுற்றிலும் சாய்வாகச் செதுக்கிவிடுவார்கள். குதிரை எந்தப் பக்கம் திரும்பினாலும் கால் எளிதாகப் புரளும். அடித்தட்டில் பல் மருத்துவர் அச்செடுக்கும் மாவைப் போன்ற ஒன்றை நிரப்பி, பலகையைத் திருகாணியாலும் மாவுக்கட்டுப் பட்டையாலும் பிடிக்க வைப்பார்கள். சுத்தியல் அடி இல்லை. தச்சுப் பட்டறையே போதும் என்பதால் நம் ஊருக்குக் கட்டுப்படியாகும். பாய் போனிக்குப் போட்டதும் இதுதான். மாட்டிய மறுநாள் தீவனத்துக்குத் தானே நடந்து வந்தது. பிசின் வைத்து ஒட்டும் லாடங்களும், கழற்றி மாட்டும் குளம்பு பூட்ஸும் வந்துவிட்டன. பூட்ஸ் நல்லதுதான், நம் வெயிலில் உள்ளே வேர்த்துப் புண்ணாகாமல் தினமும் கழற்றித் துடைக்க ஆள் இருந்தால்.

எது போட்டாலும் 4 வாரம், மிஞ்சினால் 5 வாரத்தில் மறுபடி வெட்ட வேண்டும். குதி அதற்குள் வளர்ந்து பழைய கோணலுக்குத் திரும்பிவிடும். நடுவில் ஒரு நாள் நன்றாக இருந்த குதிரை திடீரென்று மூன்று காலில் நின்றால் பதறாதீர்கள். பெரும்பாலும் உள்ளே செத்த திசு சீழ் கட்டியிருக்கும். வழி விட்டதும் வலி இறங்கும். வலி மாத்திரை கொடுத்துவிட்டு, நன்றாக நடக்கிறதே என்று சவாரிக்கு எடுப்பதுதான் பதற வேண்டிய விஷயம்.

தீவனத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழுத்த குதிரைக்கு வெல்லம், கரும்பு, கொள்ளு எல்லாம் அன்றோடு நிறுத்தம். உடல் எடையில் ஒன்றரை சதவீதம் உலர்ந்த புல். 300 கிலோ போனிக்கு நாலரை கிலோ. புல்லைத் தண்ணீரில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்தால் சர்க்கரையில் ஒரு பங்கு போய்விடும். சென்னை வெயிலில் அதற்கு மேல் ஊறவிட்டால் புளித்துவிடும். குதிரைமசாலை எதற்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். பட்டினி மட்டும் போடாதீர்கள், போனிகளுக்கு ரத்தத்தில் கொழுப்பேறி உயிருக்கே ஆபத்தாகும்.

பணமும் வைத்தியமும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 1973-இல் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீளத்தில் ஜெயித்த செக்ரடேரியட்டை, கென்டக்கியின் கிளேபோர்ன் பண்ணையில் 1989 அக்டோபர் 4 அன்று இந்த நோய்க்காகத்தான் முடித்து வைத்தார்கள். அடித்தட்டைத் துளைத்து எலும்பு வந்த குதிரையை வைத்துக்கொண்டு இன்னொரு லாடம் முயன்று பார்க்கலாமா என்று கேட்பவர்களிடம், டாக்டர் தயங்கினாலும் நான் தயங்காமல் வேண்டாம் என்பேன்.

பிழைத்த குதிரைக்குப் பொறுமைதான் பாக்கி. குளம்பு மாதத்துக்கு ஒரு செ.மீ.க்கும் குறைவாகத்தான் வளரும். மேல் விளிம்பில் புதிதாக இறங்கும் சுவர் எலும்போடு இறுகி ஒட்டி வரும். அது முனையில் தரையைத் தொட 9 மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். அதுவரை முதுகில் யாரும் ஏறக் கூடாது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஒருவர் போன மாதம் வந்திருந்தார். மூன்று மாதம் முன்னால் விழுந்த குதிரை, இப்போது நன்றாக நடக்கிறதாம். தை மாத முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கிவிட்டாராம். காலைத் தூக்கிப் பார்த்தேன், புதுச் சுவர் மூன்றில் ஒரு பங்குகூட இறங்கவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு குதிரை பாருங்கள் என்றேன். "நல்ல லாடமா ஒண்ணு சொல்லுங்கண்ணே, சமாளிச்சுக்கலாம்" என்றார்.